இல்லத்துள் எழும் ஒவ்வாமை: அதன் காரணத்தைக் காணும் முறை

இரவில் நலமாக உறங்கச் சென்ற ஒருவர், விடியற்காலையிற் படுக்கையை விட்டு எழுந்ததும் இடைவிடாது தும்முகின்றார். மூக்கிலிருந்து தெளிந்த நீர் ஒழுகுகின்றது. கண்கள் சிவந்து அரிக்கின்றன. குளித்து, உடைமாற்றி, அலுவலுக்குப் புறப்பட்ட சிறிது நேரத்தில் அத்துன்பம் யாவும் தானே அடங்கிவிடுகின்றது. மறுநாட் காலையிலும் அதே நிலை. வீட்டிலுள்ளோர் பனியைக் குறை கூறுவர். முதல்நாள் தலைமுழுகியதைக் குறை கூறுவர். இரவில் உண்ட தயிரைக் குறை கூறுவர். அவர் எட்டு மணி நேரம் முகம் புதைத்துக் கிடந்த தலையணையை ஐயுறுவார் எவருமிலர்.

இவ்வாறு வீட்டினுள்ளே திடீரெனத் தோன்றும் ஒவ்வாமையின் காரணத்தை எங்ஙனம் கண்டறிவது என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

பெரும்பாலோருக்குத் தீங்கு செய்யாத ஒரு பொருளைச் சிலருடைய உடல் பகையெனக் கொண்டு எதிர்த்தலே ஒவ்வாமை. அந்நியப் பொருளொன்றைச் சந்தித்த உடல் அதன்பின் மாறுபட்ட முறையில் நடந்துகொள்வதைக் குறிக்க, ‘அலர்ஜி’ என்னுஞ் சொல்லை 1906 ஆம் ஆண்டில் ஆக்கியவர் வியன்னா நகரத்துக் குழந்தை வைத்தியராகிய கிளெமென்ஸ் வொன் பீர்க்கே என்பவர். உடல் அப்பொருளை முதலிற் சந்திக்கும்போது வெளிப்படையாக யாதும் நிகழ்வதில்லை. ஆயின், அதனை எதிர்ப்பதற்கென ஒருவகைப் பிறபொருளெதிரி மெல்ல மெல்ல உண்டாகி, மூக்கிலும் கண்ணிலும் சுவாசக் குழாயிலும் உள்ள சில கலங்களின்மேல் ஒட்டிக் காத்திருக்கின்றது. பின்னொருநாள் அதே பொருள் வந்து படும்போது அக்கலங்கள் ஹிஸ்டமின் முதலியவற்றைச் சொரிகின்றன. தும்மலும் அரிப்பும் தோன்றுகின்றன. ஆகவே, நமக்குத் திடீரெனத் தோன்றுவது உண்மையில் திடீரென நிகழ்ந்ததன்று; பல மாதங்களாகவோ ஆண்டுகளாகவோ உள்ளே நடைபெற்ற ஆயத்தத்தின் முடிவேயாகும். “இத்தனை காலம் ஒன்றுஞ் செய்யாத பூனை இன்று மட்டும் எங்ஙனம் நோய் செய்யும்?” என்று வினவுவோர்க்கு இதுவே விடை.

காரணம் தேடுமுன் நோய் ஒவ்வாமைதானா என்பதைத் துணிதல் வேண்டும். தடிமனாயின் உடல்வலி, தொண்டைநோவு, சிலவேளை காய்ச்சலும் உடன்வரும். பெரும்பாலும் பத்து நாட்களுள் நீங்கிவிடும். ஒவ்வாமையிலோ அரிப்பு மிகும்; காய்ச்சல் இராது; பொருள் அகலும்வரை மீண்டும் மீண்டும் வரும். நுளம்புச் சுருளின் புகை, சாம்பிராணிப் புகை, புதிய வர்ணப்பூச்சின் நெடி ஆகியவை ஒவ்வாமை இல்லாதவரையும் உறுத்தக்கூடியன. மூடிய அறையிற் கரியடுப்போ மின்பிறப்பாக்கியோ இயங்கும்போது பலருக்கு ஒருங்கே தலைவலியும் மயக்கமும் உண்டாயின், அது ஒவ்வாமையன்று. நச்சு வாயுவாக இருத்தல் கூடும். உடனே வெளியேறி வைத்திய உதவி நாடுக.

காரணம் தேடுவதன் அருமையை விளக்க ஒல்லாந்து தேசத்து இலெயிடன் நகரில் நிகழ்ந்த ஆராய்ச்சி ஒன்றே போதும். வீட்டுத் தூசி பலருக்குத் தும்மலையும் தொய்வையும் உண்டாக்குகின்றது என்பதை 1920 ஆம் ஆண்டினையடுத்த காலத்திலேயே வைத்தியர் அறிந்திருந்தனர். ஆனால், தூசி என்பது ஒரு பொருளன்று. நூல், மயிர், மண், தோற்செதில், பங்கசு வித்தி எனப் பலவற்றின் கலவை. அவற்றுட் குற்றவாளி யாது? இலெயிடனில் வூர்கோர்ஸ்ட் என்னும் வைத்தியரும் அவருடன் உழைத்தோரும், ஈரமான வீடுகளுக்கும் இந்நோய்க்கும் தொடர்பிருத்தலைக் கண்டனர். ஈரத்தில் வளரும் உயிர் ஏதோ ஒன்று தூசியில் இருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் வலுத்தது. ஸ்பீக்ஸ்மா என்னும் உயிரியலாளரும் சேர்ந்து ஆராய்ந்து, தூசியில் வாழும் சிற்றுண்ணியே அது என 1964 இல் வெளியிட்டனர். அவ்வுயிருக்கு 1897 இலேயே பெயரிடப்பட்டிருந்தது. குற்றவாளி அதுவே என்பதை நிறுவுவதற்கு மேலும் 67 ஆண்டுகள் சென்றன!

இச்சிற்றுண்ணி ஏறத்தாழ 0.3 மில்லிமீற்றர் நீளமுடையது. நம் உடலிலிருந்து உதிரும் தோற்செதில்களே அதன் உணவு. நீர் அருந்தாது, காற்றிலுள்ள ஈரத்தையே உறிஞ்சி உயிர்வாழ்கின்றது. ஆதலின் மெத்தையும் தலையணையும் அதற்குச் சிறந்த உறைவிடங்கள். அது கடிப்பதில்லை, அதன் நுண்ணிய எச்சமே சுவாசத்திற் கலந்து ஒவ்வாமையைத் தூண்டுகின்றது. கடல் சூழ்ந்த நமது நாட்டின் ஈரக்காற்று இவ்வினத்திற்கு மிகவும் ஏற்றது.

இனி, இலெயிடன் அறிஞர் தூசியில் தேடிய முறையையே நாம் நம் வீட்டிற் கையாளலாம். மூன்று வினாக்களை எழுப்புக: எப்பொழுது? எவ்விடத்தில்? எம்மாற்றத்தின் பின்? துயிலெழுங்காற் துன்பம் மிகுமாயின் படுக்கையை ஐயுறுக. கூட்டும்போதும் பழம்புத்தகப் பெட்டியைத் திறக்கும்போதும் மிகுமாயின் தூசியையும் பங்கசையும் ஐயுறுக. மாரிகாலத்திற் சுவர் கசிந்து கறுத்த அறையிலே தோன்றுமாயின் பங்கசே முதலில் நினைக்கத்தக்கது. சமையலறையிலும் களஞ்சிய அறையிலும் மிகுமாயின் கரப்பான்பூச்சியின் எச்சத்தை நினைக்க. புதிதாக வந்த பூனை, நெடுநாள் பூட்டிக்கிடந்து திறந்த அறை, பெட்டியினின்றும் எடுத்த பழைய போர்வை ஆகியவற்றையும் கணக்கிற் கொள்க. இவற்றை இரண்டு வாரங்கள் நாள்தோறும் குறித்துவரின், நினைவு மறைத்ததைக் குறிப்பேடு காட்டும்.

பின்னர், ஐயுற்றவற்றை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தல் வேண்டும். யாவற்றையும் ஒருங்கே மாற்றினால் நோய் தணியலாம்; காரணம் விளங்காது. பொறுமையும் வேண்டும். பூனையை அகற்றிய பின்னும் அதன் ஒவ்வாமைப்பொருள் வீட்டிற் பல மாதங்கள் தங்கியிருக்கும். ஒரு வாரத்திற் குணமில்லை என்பதனாற் பூனை குற்றமற்றது என்று தீர்ப்பளித்தல் தவறு. ஐயந்தீர வைத்தியரிடம் தோற்பரிசோதனை செய்துகொள்ளலாம். பதினைந்து இருபது நிமிடங்களில் முடிவு தெரியும். முன்னாட்களில் விழுங்கிய ஒவ்வாமை மாத்திரைகள் அம்முடிவை மறைக்குமாதலின், அவற்றைப்பற்றி வைத்தியருக்கு முன்னரே அறிவித்தல் வேண்டும். பரிசோதனையும் குறிப்பேடும் ஒத்துரைப்பதே தக்க சான்று.

படுக்கையே காரணமெனின், விரிப்புகளையும் உறைகளையும் வாரந்தோறும் 60 பாகை வெந்நீரில் தோய்த்தல் வேண்டும். மெத்தையைக் கடும் வெயிலில் நன்கு உலர்த்துக. வெயில் சிற்றுண்ணியைக் கொல்லும், எச்சத்தை நீக்காது. ஆகவே வெளியே வைத்து, நோயற்றவர் ஒருவரைக் கொண்டு தட்டுவித்தலும் வேண்டும். தரையை ஈரத்துணியால் துடைத்தல் நன்று.

மாத்திரையினால் மட்டும் தும்மலை அடக்கிக் காரணத்தைத் தேடாதிருப்போர், நோயை வீட்டிலே விருந்தாக வைத்திருப்போராவர். மூக்கிலே தொடங்கிய ஒவ்வாமையோடு சிலருக்குத் தொய்வும் வந்து சேர்கின்றது. இரவில் மூச்சிரைப்பும் நெஞ்சிறுக்கமும் தோன்றின் வைத்தியரைக் காணத் தாமதித்தலாகாது. உதடும் நாவும் வீங்கி மூச்சு முட்டின் அக்கணமே வைத்தியசாலைக்குச் செல்க.

நோயின் மூலத்தைத் தேர்ந்து அதன்பின் தணிக்கும் வழியை நாடுக என்பது திருக்குறளின் ‘மருந்து’ என்னும் அதிகாரம் காட்டும் நெறி. அந்நெறி வைத்தியர்க்கு மட்டும் உரியதன்று. எப்பொழுது, எவ்விடத்தில், எதன்பின் என்று பொறுமையோடு வினவும் இல்லத்தவர் ஒவ்வொருவருக்கும் உரியது. பனியையும் தயிரையும் பழிப்பதற்கு முன், தலையணையை ஒருமுறை வெயிலில் இட்டுப் பார்ப்போமாக.