பந்தயக் காரும் பணப்பையும்

பாலக்காட்டிலிருந்து வாளையாற்றைக் கடந்து கிழக்கே சென்றால் கோயம்புத்தூரை அடைகிறோம். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதித் தமிழரும், மூணாறு, பீர்மேடு தோட்டங்களில் வாழும் தமிழரும் அதனை ஆலைகளின் நகரமென்றே அறிவர். இந்தியக் கார்ப் பந்தயத்தின் தாயகங்களுள் ஒன்றும் அதுவே. அந்நகரத்தவரான நரேன் கார்த்திகேயன், 2005-ஆம் ஆண்டில் பார்முலா ஒன் என்னும் உலகப் பெரும் பந்தயத்தில் கார் ஓட்டிய முதல் இந்தியரானார். அவரை அமர்த்திய ஜோர்டான் அணியோ, பணவசதி குறைந்த அணிகளுள் ஒன்று.

இப்பந்தயத்தில் பணம் எங்கே செல்கிறது? ஒவ்வோர் அணியும் தன் காரைத் தானே வடிவமைத்தல் வேண்டும். அதற்கு நூற்றுக்கணக்கான பொறியாளரும், காற்றோட்டச் சோதனைக் கூடமும் தேவை. பல மாத உழைப்பின் பயன் நொடியில் ஒரு சிறு பகுதியாகவே இருக்கும். ஆண்டிறுதியில் முன்னிற்கும் அணிக்கே பரிசுத் தொகையும் மிகுதி. ஆகவே செல்வமுள்ளவர் மேலும் செல்வராவர்.

ஆயினும் பணம் மட்டுமே வெற்றி தருவதில்லை. பெரும்பொருள் செலவிட்ட டொயோட்டா அணி 2002 முதல் 2009 வரை போட்டியிட்டும் ஒரு பந்தயத்திலேனும் முதலிடம் பெறவில்லை. மறுபுறம், பழைய ஜோர்டான் அணி கைமாறிக் கைமாறி, 2008-இல் போர்ஸ் இந்தியா என்னும் பெயருடன் களமிறங்கியது. எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் பிறரிடம் விலைக்கு வாங்கி, தன் முயற்சியைக் காரின் பிற பகுதிகளில் செலுத்தியது. 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தன்னினும் செல்வமிக்க அணிகள் சிலவற்றைப் பின்தள்ளி நான்காம் இடம் பெற்றது. செலவிட்ட தொகையைப் பெற்ற புள்ளிகளால் வகுத்துப் பார்ப்போர் இதனையே சிக்கனத்திற்குச் சான்றாகக் காட்டுவர்.

ஆனால் அந்த அணியே 2018-இல் கடன் சுமையால் நீதிமன்ற நிர்வாகத்தின்கீழ் சென்றது. நானூறுக்கு மேற்பட்டோரின் பிழைப்பு ஊசலாடிற்று. புதிய முதலாளிகள் வந்தபின்னரே அது நிலைபெற்றது. திறம்படச் செலவிடுதல் வேறு, கையிருப்பு வைத்திருத்தல் வேறு என்பது இதனால் விளங்கும்.

2021-ஆம் ஆண்டில் செலவுக்கு முதன்முதலாக வரம்பு விதிக்கப்பட்டது. அவ்வாண்டின் அடிப்படை வரம்பு 14 கோடியே 50 லட்சம் டாலர். அதற்கு முன்னர்ப் பெரிய அணிகள் சில இதனினும் இருமடங்கு செலவிட்டு வந்தன. காரோட்டிகளின் ஊதியமும் விளம்பரச் செலவும் இவ்வரம்பில் சேரா.

இவ்வெண்ணம் நம் அண்டை நகரத்திற்குப் புதிதன்று. கோயம்புத்தூர் எஸ். கரிவரதன் 1980-களின் இறுதியில், மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டு குறைந்த செலவில் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை அமைத்தார். எல்லோருக்கும் ஒரே வகைக் கார் கிடைத்தமையால், பணப்பையைவிட ஓட்டுபவரின் திறமையே வெற்றியைத் தீர்மானித்தது. நரேன் கார்த்திகேயனும் இவ்வகைக் காரில்தான் தம் பந்தய வாழ்வைத் தொடங்கினார். 1995-இல் மறைந்த கரிவரதனின் பெயரைச் செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் இன்றும் தாங்கி நிற்கிறது.

இவ்விளையாட்டை விரும்பும் மகனோ மகளோ உள்ள பெற்றோர், கனவைக் கேட்கும்போதே கணக்கையும் கேட்டல் நலம். ஓட்டுதற்கு ஆகும் செலவு பெரிது. ஆனால் காரைக் கழற்றிப் பூட்டும் கைத்தொழிலைக் கற்க ஆகும் செலவு சிறிது. அக்கைகளும் இல்லாமல் எந்த அணியும் களமிறங்குவதில்லை.