பழைய கிட்டாரின் கழுத்தைக் கழற்றிப் பூட்டுதல்
எஃகுக் கம்பிகள் பூட்டிய அக்குஸ்டிக் கிட்டாரில், ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோகிராம் எடைக்கு ஈடான விசையுடன் கழுத்தை உடலை நோக்கி இழுக்கின்றன. வாசிப்பவர் எவருமின்றிக் கருவி பெட்டிக்குள் கிடக்கும்போதும் இந்த இழுவை ஓய்வதில்லை. பல பத்தாண்டுகளில் மேற்புறத்து மெல்லிய ஸ்ப்ரூஸ் பலகை, கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் பின்னால் புடைத்து, ஒலித்துளையை ஒட்டிச் சற்றே உள்வாங்க, கழுத்து முன்னோக்கிச் சாய்கிறது. அதனால் விரற்பலகைக்கும் கம்பிகளுக்கும் உள்ள இடைவெளி, அதாவது வாசிப்பவர்கள் ‘ஆக்‌ஷன்’ என்று குறிப்பிடும் உயரம், விரற்பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கீற்றுகளான ஃபிரெட்டுகளில் பன்னிரண்டாவதன் மேல் இருக்க வேண்டிய இரண்டு, இரண்டரை மில்லிமீட்டரைத் தாண்டிக் கூடிக்கொண்டே போய், விரலுக்கு வலியையும் சுருதிக்குப் பிசகையும் தருகிறது.

அமெரிக்காவின் நாசரேத் நகரிலுள்ள மார்ட்டின் நிறுவனத்தின் பழைய கருவிகள் இதற்குத் தக்க சான்று. 1833இல் சாக்சனியிலிருந்து நியூயார்க்குக்குக் குடியேறிய கிறிஸ்டியன் ஃபிரெடரிக் மார்ட்டின் தொடங்கிய அந்நிறுவனம், நரம்புத் தந்திகளுக்கான கிட்டார்களையே நெடுங்காலம் செய்துவந்து, 1920களில்தான் பெருமளவில் எஃகுக் கம்பிகளுக்கு மாறியது. மேற்பலகையை உள்ளிருந்து தாங்கும் சட்டங்களைத் தடிமனாக்கினால் சாய்வு குறையும். ஆனால் ஒலி மங்கும். இரண்டாம் உலகப்போருக்கு முந்தைய மார்ட்டின்களின் புகழுக்குக் காரணமான அதே மென்மைதான் அவற்றின் கழுத்தையும் சாய வைக்கிறது.

நோயைக் கண்டறிவது எளிது. கழுத்தின் சொந்த வளைவைச் சரிபார்த்த பின், நேரான உலோக அளவுகோலை ஃபிரெட்டுகளின் மேல் படுக்கவைத்து நீட்டினால், அதன் முனை பிரிட்ஜின் மேல்விளிம்பைத் தொட்டுச் செல்ல வேண்டும். விளிம்புக்குக் கீழே முட்டி நின்றால் கழுத்தின் கோணம் கெட்டுவிட்டது. இந்த நிலையில் பலர் நாடும் குறுக்குவழி, கம்பிகள் அமரும் எலும்புத் துண்டான சாடிலை முதலில் தேய்த்து, பிறகு பிரிட்ஜையே சீவிவிடுவது. இது மருத்துவமன்று, சேதம். கம்பிகளின் அழுத்தம் குறைந்து ஒலி மெலிவதோடு, மூலப் பாகமும் மீளாமல் அழிகிறது.

முறையான வழி கழுத்தைக் கழற்றுவதே. கழுத்தின் அடியிலுள்ள கழுந்து, உடலின் பள்ளத்துக்குள் டவ்டெயில் எனப்படும், புறாவின் விரிந்த வாலை ஒத்த வடிவில் இறங்கிப் பூட்டிக்கொள்கிறது; அதைப் பிடித்திருப்பது விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த வச்சிரம். சூடும் ஈரமும் பட்டால் வச்சிரம் இளகும் என்பதால்தான் இந்தப் பழுதுபார்ப்பே சாத்தியமாகிறது. உடலின் மேல் ஒட்டியுள்ள விரற்பலகை நுனியைச் சூடாக்கி மெல்லிய தகட்டுக்கத்தியால் பிரித்து, பதினைந்தாம் ஃபிரெட்டைப் பிடுங்கி, அதன் காடியில் சிறு துளையிட்டு, குழாய் முனை ஊசியால் நீராவியைச் செலுத்தி, இறுக்கியின் உதவியுடன் கழுத்தைச் சிறிது சிறிதாக உயர்த்தி எடுக்கிறார்கள். நீராவி மிகுந்தால் மேற்பூச்சு வெளுத்துவிடும். அவசரப்பட்டால் மரம் பிளக்கும்.

ஈரம் முழுதும் காய்ந்த பிறகே உளி எடுக்கப்படுகிறது. சீவ வேண்டிய மரம் வியப்பூட்டும் அளவுக்குச் சொற்பம்: சாடில் இருக்கும் இடத்தில் 3 மில்லிமீட்டர் உயரம் வேண்டுமென்றால், ஏறத்தாழ 90 மில்லிமீட்டர் ஆழமுள்ள கழுத்தடியின் கீழ்நுனியில் ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவாக நீக்கி, மேலே விரற்பலகையை நெருங்க நெருங்கச் சுழியாகக் குறைத்தால் போதும். கடைசி நுண்ணளவை, இணைப்புக்குள் நுழைத்து இழுக்கும் உப்புத்தாள் பார்த்துக்கொள்ளும். கம்பிகள் நடுக்கோட்டிலிருந்து விலகாதபடி இரு பக்கமும் ஒப்பச் சீவுவதில்தான் கைத்திறன் தெரியும். தளர்ந்த கழுந்தின் பக்கங்களில் மெல்லிய மரச்சீவல்களை ஒட்டி, பசையின்றியே கழுத்து அசையாமல் நிற்கும்வரை பொருத்திப் பார்த்து, அதன்பின் மீண்டும் வச்சிரமே பூசப்படுகிறது. இறுதியில் ஃபிரெட்டுகள் சமன்செய்யப்பட்டு, முழு உயரச் சாடில் புதிதாக அமர்கிறது.

எல்லாப் பாகமும் மூலமாகவே இருக்க வேண்டுமென்று கண்டிப்புக் காட்டும் சேகரிப்பாளர்கள்கூட, நன்கு செய்த இந்தப் பழுதுபார்ப்பைக் குறையாகக் கருதுவதில்லை. டெய்லர் நிறுவனம் 1999இல் கொண்டுவந்த அமைப்பிலோ கழுத்தை மரையாணிகளே பிடித்திருப்பதால், நீராவியும் உளியும் இன்றி, இடையிலுள்ள மெல்லிய தகடுகளை மாற்றியே கோணத்தைத் திருத்திவிடுகிறார்கள்.