பழைய பைபர் படகும் வீட்டு முற்றமும்

நெய்தல் நிலத்து ஊர்களில் வாழும் குடும்பங்களுக்குப் படகு என்பது வெறும் தொழிற்கருவியன்று. உழவனுக்கு நிலம் எப்படியோ, கடலோடிக்குப் படகு அப்படி. பிள்ளைகளின் படிப்பும், பெண்மக்களின் திருமணமும், அடகுக்கடையில் இருக்கும் நகைகளின் மீட்பும் அதனை நம்பியே இருக்கின்றன. ஆகவே, பழுதுற்ற படகொன்றை முற்றத்தில் கவிழ்த்து வைத்து, அதற்கு மறுவாழ்வு அளிக்க ஒரு குடும்பம் முனையும்போது, அதில் பணத்தை மட்டுமன்றி உயிர்களையும் கருத வேண்டியுள்ளது.

முன்னாளில் கட்டுமரம் கரையேறியதும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் உலர விடுவர். நீரை உறிஞ்சிய மரம் கனக்கும், விரைவில் கெடும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். 1980களில் குமரி மாவட்டத்து முட்டத்தில் ஒட்டுப்பலகை வள்ளங்கள் கட்டப்பட்டன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரைகளைச் சூறையாடிய பின்னர், பைபர் படகுகள் பெருமளவில் வழங்கப்பட்டன. ‘பைபர் மக்காது, புழு அரிக்காது’ என்ற எண்ணம் வேரூன்றியது. அதனுடன், படகை உலர வைக்க வேண்டும் என்ற பழைய வழக்கமும் மெல்ல மறைந்தது.

பைபர் மக்காது என்பது மெய்யே. எனினும் பைபர் படகு என்பது பைபர் மட்டுமன்று. கண்ணாடி இழைகளாலான விரிப்புகளை ரெசின் என்னும் பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காய் ஒட்டிய ஓடு அது. இயந்திரம் தாங்கும் பின்பலகையின் உள்ளே ஒட்டுப்பலகை இருக்கும். மிதப்பதற்காக அடைத்த நுரை, மூடிய அறைகளில் இருக்கும். ஆணித் துளைகள் வழியாகவும் வெடிப்புகள் வழியாகவும் நீர் புகுந்தால், பலகை மக்கும், நுரை கனக்கும், அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும். வெளியே பூசிய வண்ணமோ புதுமெருகுடன் சிரித்துக் கொண்டிருக்கும்!

நோயை அறிதல்

முதல் அறிகுறியைத் தோள்களே சொல்லும். முன்பு ஆறு பேர் மணலில் ஏற்றிய படகுக்கு இப்போது எட்டுப் பேர் வேண்டுமெனில், உள்ளே நீர் தங்கியிருக்கிறது என்று ஐயுற வேண்டும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை என்பதை மறத்தலாகாது.

அடுத்து, தேங்காயைத் தட்டிப் பார்ப்பதுபோல, சிறு சுத்தியலின் கைப்பிடியால் ஓடு முழுவதையும் சாண் சாணாகத் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இடம் ‘டக் டக்’ எனத் தெளிவாக ஒலிக்கும். அடுக்கு பிரிந்த இடமோ மந்தமாக ஒலிக்கும். அத்தகைய இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிடுக. பின்பலகையில் சிறு துளையிட்டு, வெளிவரும் தூளை உள்ளங்கையில் ஏந்திப் பாருங்கள். கறுத்து ஈரமாக வந்தால், பலகை உள்ளே மக்கிவிட்டது என்பது உறுதி.

பொறுமையே மருந்து

படகைக் கவிழ்த்தபின், மணல் மூட்டைகளால் அதன் வளைவு கெடாமல் சீராகத் தாங்க வேண்டும். உப்புப் போகுமளவு நன்னீரால் கழுவி, மழைபடாமல் உலர விடுக. உலர்ந்துவிட்டதா என்று அறிய எளிய வழி ஒன்றுண்டு. ஒரு முழச் சதுரத்தில் பிளாஸ்டிக் தாளை ஓட்டின்மேல் விரித்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாமல் ஒட்டி வையுங்கள். மறுநாள் தாளின் உட்புறத்தில் நீர்த்துளி அரும்பியிருந்தால், இன்னும் பொறுத்திருக்க வேண்டும். வாரக்கணக்கில் பொறுப்பதாயினும் தகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இவ்வேலையைத் தொடங்காதிருப்பதே நலம்.

பழுதுற்ற பகுதியைத் திடமான இழை தென்படும் வரை அரைத்து நீக்க வேண்டும். பள்ளத்தின் ஓரம் செங்குத்தாக நிற்றலாகாது. ஓட்டின் கனத்தைப்போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாக இழைத்துவிட வேண்டும். 5 மில்லிமீட்டர் கனமுள்ள ஓட்டுக்குச் சுற்றிலும் 60 மில்லிமீட்டர் சரிவு வேண்டும். பழைய ஓட்டுடன் புதிய ஒட்டைப் பிணைத்து வைப்பது இந்தச் சரிவே. வண்ணத்தின் மேலோ எண்ணெய்ப் பிசுக்கின் மேலோ ஒட்டிய பைபர், சில மாதங்களில் தோல்போல் உரிந்து வரும்.

ஒரு கிலோ மேட் விரிப்புக்கு ஏறத்தாழ 2 முதல் 2.5 கிலோ ரெசின் செல்லும். ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 கிராம் கேட்டலிஸ்ட் வேண்டும். வெயில் காலத்தில் குறைந்த அளவே போதும். குறைத்தால் ரெசின் முழுமையாக இறுகாது. கூட்டினால் விரைந்து கொதித்து முறுகிவிடும். நிழலில் நின்று, சிறிது சிறிதாகக் கலந்து, ஒவ்வோர் அடுக்கிலும் காற்றுக் குமிழிகள் நீங்க உருளையால் அழுத்த வேண்டும். மிதவைக்காகத் தெர்மாகோலை வைத்து அதன்மேல் ரெசின் ஊற்றுவோர் உளர். அந்த ரெசின் தெர்மாகோலைக் கரைத்துவிடும்!

இல்லத்தாரைக் காத்தல்

முற்றம் என்பது தொழிற்கூடமன்று. குழந்தை தவழும் இடம், அரிசி புடைக்கும் இடம், துணி உலர்த்தும் இடம். ஆகவே தாய்மார் சிலவற்றைக் கண்டிப்புடன் கேட்டல் வேண்டும்.

கேட்டலிஸ்ட் தண்ணீரைப் போலவே தெளிந்திருக்கும். கண்ணில் தெறித்தால் பார்வையே பறிபோகலாம். அதனைக் குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைப்பது ஒருபோதும் கூடாது. தெறித்துவிட்டால் உடனே நல்ல நீரால் குறைந்தது 15 நிமிடம் கண்ணைக் கழுவி, மருத்துவரிடம் விரைக. ஆக்சிலரேட்டரையும் கேட்டலிஸ்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் வெடிக்கும். முதலில் ஆக்சிலரேட்டரை ரெசினில் நன்கு கலக்கி, அதன் பின்னரே கேட்டலிஸ்டைச் சேர்க்க வேண்டும். டப்பாவில் எஞ்சிய கலவை தானே சூடேறிப் புகையும், தீயும் பற்றலாம். அடுப்பெரியும் சமையற்கட்டுக்கு அருகில் இவ்வேலை வேண்டா.

அரைக்கும்போது பறக்கும் இழைத்தூள் நுரையீரலுக்குத் தீங்கு செய்யும். முகத்தில் கட்டிய துண்டு அதனைத் தடுக்காது. தூசிக்கும் ரெசின் ஆவிக்கும் உரிய முகமூடி, கண்ணாடி, கையுறை ஆகியன வேண்டும். வேலையுடையைக் குழந்தைகளின் உடையோடு சேர்த்துத் துவைக்கலாகாது. வெட்டி எடுத்த துண்டுகளைக் கடற்கரையில் எரிப்பது ஊருக்கே தீங்கு. அப்புகை நஞ்சு. இழையோ எரியாமல் மணலில் தங்கி, பிள்ளைகளின் பாதங்களில் தைக்கும்.

வண்ணம் மறைக்கலாம், தாங்காது

அடித்தளம் முழுவதும் மிதித்தால் அமுங்குமாயின், உட்கட்டைகள் நீளவாக்கில் பிரிந்து போயிருக்குமாயின், அப்படகைக் கடலுக்கு அனுப்பாதிருப்பதே அறிவுடைமை. செலவு செய்துவிட்டோமே என்பதற்காக அதனை இறக்குதல் வேண்டா. அதனினும் கொடிது, வெடிப்புகளின் மேல் மாவைத் தேய்த்து, பளபளக்கும் வண்ணம் பூசி, புதிதாய்த் தொழிலுக்கு வரும் இளைஞன் ஒருவனுக்கு விற்றுவிடுவது. விற்றவர் கையில் சில ஆயிரங்கள் மிஞ்சும். வாங்கியவனோ கரை கண்ணுக்கெட்டாத தொலைவில், அலைகளின் நடுவே அந்த வண்ணத்தின் கனத்தை நம்பி நிற்பான்.

பழுதை உள்ளபடி சொல்லி விற்பதும், உள்ளவரை திருத்திப் பயன்படுத்துவதும் நமக்குப் பெருமை தரும். திருத்திய படகில் முதலில் கரையிலேயே சிறிது நீரை ஊற்றிக் கசிவு பாருங்கள். பின்னர் கடல் அமைதியான நாளில், கரையோரமாகவே ஓட்டிப் பாருங்கள். அதன் பின்னும் நம் முன்னோர் கட்டுமரத்தை உலர வைத்ததுபோல், ஓய்வு நாள்களில் படகைக் கழுவிக் காய வையுங்கள். வாசற்படியில் நின்று கடலை நோக்கும் கண்களுக்கு நாம் தரக்கூடிய உறுதி, முற்றத்தில் செய்த நேர்மையான வேலையே ஆகும்.