கட்டற்ற கணினி

காஞ்சிபுரம் மாவட்டத்தில், ஒரகடத்திற்கு அருகே வடக்குப்பட்டு என்னும் சிற்றூர் உள்ளது. திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை பரந்து கிடக்கும் தொழிற்பேட்டைகளில் மகிழுந்துகளும் சரக்குந்துகளும் கைப்பேசிகளும் நாள்தோறும் உருவாகின்றன. இத்தகைய புதுமைக்கு நடுவே, 2022-ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறையினர் வடக்குப்பட்டில் அகழாய்வு நடத்தினர். கைக்கோடரி, சுரண்டி, வெட்டுக் கருவி முதலிய கற்கருவிகள் அங்கே வெளிப்பட்டன. அவை ஏறத்தாழ 12,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என ஆய்வாளர் கணித்தனர்.

கற்கருவியில் மறைபொருள் ஏதும் இல்லை. எந்தப் பக்கம் தட்டப்பட்டது, எவ்வாறு கூர்மை பெற்றது என்பன அதன் மேலேயே தெரியும். ஆதலால் ஒருவர் செய்ததை மற்றொருவர் கண்டு கற்கலாம், கற்றதைத் திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்குக் கொடுக்கலாம். மனிதனுடைய கைத்தொழில்கள் பலவும் இவ்வாறே வளர்ந்தன. இக்காலத்து மாணவனுடைய தலையாய கருவி கணினியாகும். அக்கருவி எவ்வாறு இயங்குகிறது என்பதைக் கண்டறியவும், வேண்டியவாறு திருத்திக்கொள்ளவும் அவனுக்கு உரிமை உண்டா? இவ்வினாவிலிருந்து பிறந்தனவே கட்டற்ற இயங்குதளங்கள்.

இயங்குதளம் என்பது யாது? ஒரு தொழிற்சாலையில் எந்திரங்கள் பல இருக்கும். வேலையாட்கள் பலர் இருப்பர். எந்த எந்திரத்தில் யார், எப்போது, எவ்வளவு நேரம் வேலை செய்வது என்பதை வகுத்துக் கொடுக்க மேற்பார்வையாளர் ஒருவர் வேண்டும். அவர் இல்லையேல் எந்திரங்கள் இருந்தும் பயனில்லை. கணினியில் அந்த மேற்பார்வையாளரின் வேலையைச் செய்வது இயங்குதளம். நினைவகத்தைப் பங்கிடுதல், கோப்புகளை உரிய இடத்தில் வைத்தல், விசைப்பலகையில் தட்டியதைத் திரைக்குக் கொண்டு செல்லுதல் ஆகிய யாவும் அதன் பணிகளே. விண்டோஸ் என்பது ஓர் இயங்குதளம். லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு அமைந்த உபுண்டு, மின்ட், டெபியன் முதலியவையும் இயங்குதளங்களே.

இவற்றிடையே உள்ள வேறுபாட்டைக் காஞ்சிபுரத்துத் தறிகளைக் கொண்டு எளிதில் விளக்கலாம். பட்டுப் புடவையின் கரையில் மயிலும் மாங்காயும் அமைவதற்கு, ஜக்கார்டு தறியில் துளையிட்ட அட்டைகள் வழிகாட்டுகின்றன. புடவை மட்டும் கையில் இருப்பவர் அதை உடுத்தலாம், அழகை வியக்கலாம். அட்டைகளும் கையில் இருப்பவரோ அதே புடவையை மீண்டும் நெய்யலாம். மயிலை அன்னமாக மாற்றலாம். அந்த அமைப்பை அயல்வீட்டு நெசவாளருக்கும் கொடுக்கலாம். மென்பொருளுக்கும் அத்தகைய அட்டைகள் உண்டு. நிரலர் எழுதிய மூல நிரலே அது. மூல நிரலை மறைத்து, பயன்பாட்டை மட்டும் விற்பது ஒரு முறை. மூல நிரலையும் உடன் கொடுத்து, திருத்தும் உரிமையையும் வழங்குவது மற்றொரு முறை. இரண்டாவது முறையில் அமைந்தவை கட்டற்ற மென்பொருள்கள் எனவும், திறமூல மென்பொருள்கள் எனவும் பெயர் பெறும்.

இவ்வியக்கத்தின் வரலாறு ஒரு சிறு தொல்லையிலிருந்து தொடங்கியது. அமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்னும் நிரலர் பணியாற்றினார். அங்கிருந்த பழைய அச்சுப் பொறியில் தாள் சிக்கிக்கொண்டால், அதனைக் காத்திருப்போருக்கு அறிவிக்கும்படி அவர் மென்பொருளைத் திருத்தியிருந்தார். 1980-ஆம் ஆண்டையொட்டிப் புதிய அச்சுப் பொறி ஒன்று வந்தது. அதிலும் தாள் சிக்கியது. ஆனால், அதன் மூல நிரல் கிடைக்கவில்லை. மூல நிரலை வைத்திருந்த ஒருவரிடம் சென்று கேட்டபோது, பிறருக்குத் தருவதில்லை என்று தாம் உறுதி கொடுத்திருப்பதாகக் கூறி அவர் மறுத்துவிட்டார். திருத்தும் திறமை இருந்தும் உரிமை இன்மையால் கை கட்டி நிற்க நேர்ந்தது. அந்த நிலை ஸ்டால்மன் உள்ளத்தை உறுத்தியது. 1983-இல் குனூ என்னும் பெயரில் கட்டற்ற இயங்குதளம் ஒன்றை அமைக்கப்போவதாக அவர் அறிவித்தார்.

கட்டற்ற மென்பொருளுக்கு உரிமைகள் நான்கு. எந்த நோக்கத்திற்கும் அதனை இயக்கலாம். அதன் அமைப்பை ஆராய்ந்து மாற்றலாம். படி எடுத்துப் பிறர்க்கு வழங்கலாம். மாற்றி அமைத்ததையும் வழங்கலாம். இவற்றுள் விலையைப் பற்றிய பேச்சே இல்லை என்பது கருதத் தக்கது. ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல் வழங்குவதால் அங்கே மயக்கம் நேர்கிறது. தமிழில் இலவசம் வேறு, கட்டற்றது வேறு. விலையின்றிக் கிடைக்கும் மென்பொருள்கள் எல்லாம் கட்டற்றவை ஆகிவிடமாட்டா. கட்டற்ற இயங்குதளங்களுள் பெரும்பாலானவை விலையின்றியும் கிடைக்கின்றன என்பது மாணவர்க்குக் கிடைக்கும் கூடுதல் நன்மை.

குனூவின் பல பகுதிகள் உருவாகியும், அதன் நடுவே நின்று இயக்கும் கரு முழுமை அடையாமல் இருந்தது. 1991-இல் பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர், தம் கணினிக்காகப் பொழுதுபோக்காக ஒரு கருவை எழுதத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 21. அதன் மூல நிரலை அவர் யாவரும் காணும்படி வெளியிட்டார். பல நாட்டினரும் அதனைத் திருத்தி வளர்த்தனர். அதுவே லினக்ஸ். இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் உள்ளே இருப்பதும் லினக்ஸ் கருவே. உலகின் மிக விரைவான 500 மீக்கணினிகளின் பட்டியலில், 2017 நவம்பர் முதல் எல்லாக் கணினிகளும் லினக்ஸில் இயங்குபவையாகவே இருந்துவருகின்றன. கடைசல் எந்திரத்தையும் துருவல் எந்திரத்தையும் கணினியால் இயக்க லினக்ஸ்சி.என்.சி. என்னும் கட்டற்ற மென்பொருளும் உண்டு. ஆகவே, தொழிற்பேட்டையை நோக்கிச் செல்லும் இளைஞர்க்கு இக்கல்வி வீண்போகாது.

தமிழ்நாட்டு மாணவர்க்கு லினக்ஸ் முற்றிலும் புதியதன்று. இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்கி 2007-இல் வெளியிட்டது. அதன் சென்னைக் கிளை அப்பணியில் ஈடுபட்டது. 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுடன் பாஸும் சேர்ந்தே மாணவர் கைக்கு வந்தது. 2018-இல் வெளிவந்த பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் உபுண்டுவும் இடம்பெற்றது. எனினும், கணினியைத் திறந்ததும் தோன்றும் இரு பெயர்களுள் பழகியதையே தேர்ந்து, மற்றதை ஒருமுறையும் தொடாதவர் பலர்.

அந்த மற்றதன் தேவை இப்போது வலுத்துள்ளது. விண்டோஸ் 10-க்கு வழங்கிவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாள் முடிவுற்றது. பழைய மடிக்கணினிகள் பல விண்டோஸ் 11 கேட்கும் வன்பொருளைப் பெறாதவை. திரையும் விசைப்பலகையும் நன்றாக இருந்தும், இயங்குதளம் காரணமாக அவை பரணுக்குப் போகின்றன. அவற்றுள் பலவற்றுக்கு லினக்ஸ் மீண்டும் உயிர் கொடுக்கும். புதிய கணினி வாங்க வசதி இல்லாத வீட்டில், இஃது ஒரு மாணவனின் கல்வி நிற்பதா தொடர்வதா என்பதையே முடிவு செய்யக்கூடும்.

லினக்ஸ் கருவோடு வேண்டிய மென்பொருள்களைத் தொகுத்துத் தருவதற்கு வழங்கல் என்று பெயர். வழங்கல்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. அவற்றின் பெருக்கத்தைக் கண்டு புதியவர் மலைத்துப் போவது இயல்பு. மூன்று வினாக்களை எழுப்பினால் மலைப்பு நீங்கும்.

முதல் வினா, கணினியின் வலிமை எவ்வளவு என்பது. நினைவகம் 4 ஜி.பி. அல்லது அதற்கு மேல் இருப்பின் லினக்ஸ் மின்ட் எளிதாக இயங்கும். 2 ஜி.பி. மட்டுமே உள்ள பழைய கணினிக்கு மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு, லுபுண்டு போன்ற எளிய அமைப்புகள் பொருந்தும். இரண்டாம் வினா, தமிழ் எழுத இயலுமா என்பது. பெரும்பாலான வழங்கல்களில் தமிழ் எழுத்துருக்களும், தமிழ்99 விசைப்பலகை அமைப்பும் கிடைக்கின்றன. மூன்றாம் வினா, ஐயம் எழுந்தால் கேட்பதற்கு ஆள் உண்டா என்பது. இதுவே மூன்றிலும் முதன்மையானது. நண்பரோ ஆசிரியரோ பயன்படுத்தும் வழங்கலையே தானும் தேர்வது, சிறந்தது எதுவென்று தேடி அலைவதினும் நன்று.

தேர்ந்த பின் உடனே நிறுவிவிடுதல் கூடாது. ஆழம் அறியாமல் காலை விடலாகாது என்பது பழமொழி. லினக்ஸில் ஆழம் பார்ப்பதற்கு அருமையான வழி ஒன்று உண்டு. வழங்கலின் கோப்பை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி, அங்கே தரப்பட்டுள்ள சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டு, ஒரு பென் டிரைவில் அதற்குரிய மென்பொருளால் எழுதிக்கொள்ள வேண்டும். அவ்வாறு எழுதும்போது பென் டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும் என்பதை மறத்தல் ஆகாது. பின்பு அந்தப் பென் டிரைவிலிருந்தே கணினியை இயக்கலாம். வன்தட்டில் உள்ளவை அப்படியே இருக்கும். வைஃபை இணைகிறதா, ஒலி கேட்கிறதா, அச்சுப் பொறி பணிகிறதா, தமிழ் சரியாகத் தெரிகிறதா என்று இரண்டு மூன்று நாள் சோதிக்கலாம். பென் டிரைவிலிருந்து இயங்குவதால் வேகம் சற்றுக் குறைவாக இருக்கும்; அது குறையன்று. ஒத்துவராவிடின் பென் டிரைவை எடுத்துவிட்டால் கணினி பழைய நிலையிலேயே திறக்கும்.

ஒத்துவந்தால் நிறுவலாம். அதற்கு முன் படங்கள், பாடக் குறிப்புகள், சான்றிதழ்கள் ஆகியவற்றை வேறோர் இடத்தில் படி எடுத்து வைத்தல் இன்றியமையாதது. நிறுவும்போது, வன்தட்டு முழுவதையும் அழித்து நிறுவவா, இருப்பதன் பக்கத்தில் நிறுவவா என்று கணினி கேட்கும். தொடக்க நிலையினர் பக்கத்தில் நிறுவுவதே தக்கது. தொழிற்சாலைகளில் வழங்கும் வரைபட மென்பொருள்கள் சில விண்டோஸில் மட்டுமே இயங்குவதால், இரண்டும் ஒரே கணினியில் இருப்பது வசதியும் ஆகும். அலுவல் எழுத்துப் பணிகளுக்கு லிப்ரெ ஆஃபிஸ் பெரும்பாலும் போதும்.

நிறுவிய பின் கற்றல் தொடங்குகிறது. முதல் வாரத்தில் அன்றாட வேலைகளை மட்டும் புதிய தளத்தில் செய்து பழக வேண்டும். இரண்டாம் வாரத்தில் முனையத்தைத் திறக்கலாம். கருந்திரையில் கட்டளை எழுதும் இடமே முனையம். இருக்கும் இடத்தைக் காட்டுதல், கோப்புகளைப் பட்டியலிடுதல், அடைவு மாறுதல், படி எடுத்தல், இடம் மாற்றுதல் ஆகிய ஐந்து கட்டளைகள் தொடக்கத்திற்குப் போதும். ஒரு கட்டளையின் பொருள் விளங்காவிடில், 'மேன்' என்னும் சொல்லை அதற்கு முன் இட்டால் கணினியே விளக்கம் தரும். பொருள் அறியாத கட்டளையை எங்கிருந்தோ எடுத்து ஒட்டுவதும், காரணமின்றி நிர்வாகி உரிமையோடு இயக்குவதும் தீங்கு விளைக்கும். அழித்தல் கட்டளை முனையத்தில் மீட்பின்றி அழிக்கும் என்பதையும் கருத்தில் இருத்த வேண்டும். வழங்கல்களை மாதந்தோறும் மாற்றிக்கொண்டிருப்போர் ஒன்றையும் கல்லார். அகல உழுவதினும் ஆழ உழுவதே இங்கும் பயன் தரும்.

இடர்ப்பட்ட போது கேட்பதும் ஒரு கலையே. "வேலை செய்யவில்லை" என்று மட்டும் கூறினால் எவராலும் உதவ இயலாது. கணினியின் வகை, இயங்குதளத்தின் பதிப்பு, செய்த செயல், திரையில் தோன்றிய பிழைச் செய்தி ஆகிய நான்கையும் உள்ளவாறே எழுதிக் கேட்க வேண்டும். உதவி செய்வோர் தமிழ்நாட்டில் பலர் உளர். சென்னையில் 1998-இல் லினக்ஸ் பயனர் குழு தொடங்கப்பெற்றது. காஞ்சிபுரம், விழுப்புரம் ஆகிய ஊர்களின் பெயராலும் இத்தகைய குழுக்கள் உள்ளன. 2012-இல் தோன்றிய கணியம் என்னும் இதழ், கட்டற்ற மென்பொருள் பற்றிய செய்திகளைத் தமிழிலேயே வழங்கிவருகிறது. இவர்கள் செய்யும் உதவிக்குக் கூலி இல்லை. தாம் ஒருநாள் பிறரிடம் கேட்டுக் கற்றவர்கள் என்பதனாலேயே இன்று பிறர்க்குக் கற்பிக்கின்றனர்.

கற்றவன் திருப்பிச் செய்ய வேண்டிய கடமையும் இதில் அடங்கும். நிரல் எழுதத் தெரிந்தவர் மட்டுமே அக்கடமையை ஆற்ற முடியும் என்பதில்லை. திரையில் ஒரு சொல் தமிழில் பிழையாக இருந்தால் அதனைத் திருத்தி அனுப்பலாம். மொழிபெயர்க்கப்படாத சொல்லை மொழிபெயர்க்கலாம். கண்ட குறையைத் தெளிவாக எழுதித் தெரிவிக்கலாம். இவை ஒன்றும் இயலாத நாளில், தான் பயன்படுத்திய பென் டிரைவை வகுப்புத் தோழனுக்குக் கொடுத்து, அவனருகில் ஒரு மணி நேரம் அமர்ந்து முதல் பாடத்தைச் சொல்லித் தரலாம். அதற்கு எவரிடமும் இசைவு கேட்க வேண்டுவதில்லை. அந்த உரிமை மென்பொருளோடு சேர்ந்தே அவன் கைக்கு வந்திருக்கிறது.