பலதார மண ஊரின் மர்மக் கதையைக் காதால் கேட்பது

அமெரிக்காவில் யூட்டா, அரிசோனா மாநிலங்களின் எல்லையில் ஷார்ட் கிரீக் என்றொரு பாலைவனக் குடியிருப்பு உண்டு. இன்று அதற்கு ஹில்டேல், கொலராடோ சிட்டி என்று இரண்டு பெயர்கள். மோர்மன் தலைமைச் சபை 1890-இல் பலதார மணத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. விட மனமில்லாமல் பிரிந்துபோனவர்கள் வேரூன்றிய இடம் இது. பலதாரக் குடும்பங்களைப் பற்றி இன்று எழுதப்படும் ஆங்கில மர்ம நாவல்கள் பலவற்றுக்கு இப்படிப்பட்ட ஊர்தான் களம். பெயரை மட்டும் மாற்றிவிடுவார்கள்.

அந்த ஊரில் யாரையும் அடைத்துவைக்கப் பூட்டு தேவைப்படவில்லை. குடியிருந்த வீடு, பிரிந்துபோனவர்களின் சபை நடத்திய அறக்கட்டளைக்குச் சொந்தமாக இருந்தது. யாருக்கு யார் மனைவி என்று முடிவு செய்தவர் அந்தச் சபையின் தலைவர். தலைவருக்கு ஒருவர்மேல் கோபம் வந்தால், அந்த ஆளின் மனைவியரும் பிள்ளைகளும் இன்னொருவர் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. பதின்வயதுப் பையன்கள் சின்னச் சின்ன மீறல்களுக்காகத் துரத்தப்பட்டிருக்கிறார்கள். ஊரை விட்டுப் போனவர் தாயையும் இழந்தார், மறுமையையும் இழப்பதாக நம்பினார். அதனால் கொன்றது யார் என்பதைவிட, யாரால் வெளியேற முடியும் என்ற கேள்வியே இந்தக் கதைகளில் நம்மை உலுக்குகிறது.

போலீஸிடமும் போக முடியாத நிலை இருந்தது. 1953 ஜூலை 26 அன்று அரிசோனா அரசு ஷார்ட் கிரீக்கில் புகுந்து 263 பிள்ளைகளைப் பிரித்துக் கொண்டுபோனது. பாட்டிமார் வழியாக அந்த நினைவு பேத்திகளுக்கும் வந்திருக்கிறது. கொலையைக் கண்ணால் பார்த்தவரும் வாய் திறக்கமாட்டார் என்று நாவலாசிரியர் எழுதினால், அது வெறும் கதைத் தந்திரம் அல்ல.

ஷெர்லாக் ஹோம்ஸ் அறிமுகமான 1887-ஆம் ஆண்டு நாவலிலேயே, பின்பாதியில் கதை யூட்டாவின் மோர்மன்களிடம் போய்விடுகிறது. ஆனால் கானன் டாயில் அப்போது அந்த மண்ணை மிதித்ததில்லை. கட்டாயமாக மணம் முடித்துவைக்கப்படும் லூசிக்கு அவர் பேச்சே அதிகம் தரவில்லை. அந்தக் குறையைத் தீர்ப்பது போல் வந்தது டேவிட் எபர்ஷாஃப் எழுதிய 'தி நைன்டீன்த் வைஃப்' (2008). ஒரு சரடு, மோர்மன் தலைமைச் சபையின் தலைவர் பிரிகாம் யங் மீது 1873-இல் விவாகரத்து வழக்குப் போட்ட ஆன் எலைசாவின் வரலாறு. இன்னொரு சரடில், இன்றைய பலதாரச் சபை ஒன்று துரத்திய ஜோர்டன் என்ற இளைஞன் திரும்பி வருகிறான். அப்பாவைக் கொன்றதாக அவன் அம்மா சிறையில் இருக்கிறாள்.

இந்த நாவலின் ஒலிப்புத்தகத்துக்குப் பல குரல்களைப் பயன்படுத்தியது சரியான முடிவு. ஜோர்டனின் தெருப்பேச்சையும் ஆன் எலைசாவின் பத்தொன்பதாம் நூற்றாண்டு நடையையும் ஒரே தொண்டையில் கேட்டால் இரண்டும் நீர்த்துப்போகும். பெரும்பாலான ஒலிப்புத்தகங்களில் வாசிப்பவர் ஒருவர்தான். ஒரே கூரையின் கீழ் நான்கைந்து மனைவியர், ஒரே குடும்பப் பெயரோடு முப்பது பிள்ளைகள் என்றால் அவர் திணறத்தான் வேண்டும். நல்ல வாசிப்பாளர் ஒலிப்பதிவுக்கு முன்பே நாவலை முழுக்கப் படித்து, யார் எப்படிப் பேசுவார் என்று பட்டியல் போட்டுக்கொள்வார். கொலையாளி யார் என்பதும் அப்போது தெரிந்துவிடும். அது குரலில் கசியக் கூடாது.

இதைவிடக் கடினமானது மென்மை. ஷார்ட் கிரீக் சபையில் பெண்களுக்குச் சொல்லித்தந்த பாடம், எப்போதும் இனிமையாய் இரு என்பது. கோபமும் அழுகையும் அந்த இனிமைக்குள் அடங்க வேண்டும். சிறுமியர்மீது நடத்திய பாலியல் குற்றங்களுக்காக 2011-இல் டெக்சாஸில் ஆயுள் தண்டனை பெற்ற அந்தச் சபையின் தலைவர் வாரன் ஜெஃப்ஸும் உரக்கப் பேசியவர் அல்லர். ஏற்ற இறக்கமில்லாத தாழ்ந்த குரலில் அவர் நடத்திய பாடங்கள் ஒலிநாடாக்களாக வீடு வீடாக ஓடின. அதிகாரம் காது வழியாகவே வந்த சமூகம் அது. வில்லனுக்கு உறுமலும் மனைவிக்கு விம்மலும் கொடுக்கும் வாசிப்பாளர் அந்தச் சூழலையே தவறவிட்டுவிடுகிறார். மூத்த மனைவி இளையவளிடம், "சாப்பிட்டாயா?" என்று சாதாரணமாகக் கேட்கும்போதே நமக்கு வயிறு கலங்க வேண்டும். வாசிப்பில் நான் முதலில் கவனிப்பது அதைத்தான்.

கேட்கத் தொடங்கும்போது ஒரு தாளில் குடும்ப மரம் வரைந்துகொள்ளுங்கள். ஒலியில் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க முடியாது. வேகத்தைக் கூட்டிக் கேட்கும் பழக்கத்தையும் இந்த வகைக்கு மட்டும் விட்டுவிடுங்கள். ஒரு பெண் பதில் சொல்லுமுன் தயங்கும் அரை நொடியில்தான் பல சமயம் துப்பு இருக்கிறது. ஒன்றரை மடங்கு வேகத்தில் அது காதில் விழாது.