ஆறடிக்காரருக்கு மின் ஸ்கூட்டர்: விளம்பரத்தில் இல்லாத ஓர் அளவு

மின் ஸ்கூட்டருக்கு மத்திய அரசு தரும் மானியத்துக்கு 2025 ஆகஸ்டில் அறிவித்த கெடு 2026 மார்ச் 31. தேதி நெருங்க நெருங்க, திருச்சியின் தில்லைநகரிலிருந்தும் திருவானைக்காவலிலிருந்தும் ஸ்ரீரங்கத்திலிருந்தும் வந்த கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தது: “நான் ஆறடி உயரம். சீட் உயரம் அதிகமுள்ள வண்டியாகப் பார்த்து மானியம் முடிவதற்குள் வாங்கிவிடலாமா?” இதில் இரண்டு குழப்பங்கள் கலந்திருக்கின்றன. தேதியைப் பற்றியது சின்னது. சீட்டைப் பற்றியது பெரியது.

தேதியை முதலில் முடித்துவிடுவோம். இந்த மானியத்தைத் தரும் பி.எம். இ-டிரைவ் திட்டம் 2024 அக்டோபர் 1இல் தொடங்கியது. அதை 2028 மார்ச் வரை நீட்டிப்பதாக 2025 ஆகஸ்டில் அறிவித்தபோதும், இருசக்கர வண்டிகளுக்கான கெடு 2026 மார்ச் 31தான் என்று அரசு சொல்லிவிட்டது. புக்கிங் போட்ட ரசீது உதவாது. அதற்குள் வண்டி பதிவாகியிருக்க வேண்டும். முதல் ஆண்டில் ஒரு கிலோவாட் மணி பேட்டரிக்கு 5,000 ரூபாய், அதிகபட்சம் 10,000 ரூபாய் கிடைத்தது. 2025-26 நிதியாண்டில் அது பாதியாகி, உச்சவரம்பு 5,000 ரூபாயானது. ஷோரூம் வாசலில் தொங்கிய ‘கடைசி வாய்ப்பு’ பேனருக்குப் பின்னால் இருந்த தொகை இவ்வளவுதான்.

இனி சீட். கம்பெனிகள் தரும் ‘சீட் உயரம்’ என்பது தரையிலிருந்து சீட் வரையுள்ள அளவு. ஏதர் 450எக்ஸில் 78 செ.மீ., டிவிஎஸ் ஐகியூபில் 77 செ.மீ. சந்தையிலுள்ள பெரும்பாலான மாடல்கள் 76க்கும் 80க்கும் நடுவில்தான் இருக்கின்றன. சிக்னலில் நிற்கும்போது குட்டையானவருக்குக் கால் எட்டுமா என்பதை இந்த எண் சொல்லும். ஆறடிக்காரருக்குக் கால் எப்படியும் எட்டும். அவர் தெரிந்துகொள்ள வேண்டியது, ஃபுட்போர்டிலிருந்து சீட் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது. ஓடும் வண்டியில் அவர் கால் இருக்கப்போவது ஃபுட்போர்டில்தான். நான் பார்த்த எந்தக் கம்பெனியின் விவரத்தாளிலும் அந்த எண் இல்லை.

அந்த எண் மின் ஸ்கூட்டரில் ஏன் சுருங்குகிறது என்பதைப் பார்த்தால், அதன் வடிவமைப்பில் இருக்கும் கெட்டிக்காரத்தனமும் புரியும், அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதும் புரியும்.

சீட்டை 78 செ.மீ.க்கு மேல் அதிகம் ஏற்ற முடியாது. இந்திய ஆண்களின் சராசரி உயரம் சுமார் 165 செ.மீ.தான், அவர்கள் கால் ஊன்ற வேண்டும். வண்டியின் அடிவயிற்றையும் இஷ்டத்துக்கு இறக்க முடியாது. நம் ஊர் வேகத்தடைகளுக்குத் தரையிலிருந்து 16, 17 செ.மீ. இடைவெளி வேண்டும். ஆக மேலும் கீழும் பூட்டு. நடுவில் மிஞ்சுவது ஏறத்தாழ 62 செ.மீ. பெட்ரோல் ஸ்கூட்டரில் இந்த 62இல் ஃபுட்போர்டு எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான்: ஒரு குழாய்ச் சட்டம், அதன் மேல் ஒரு தகடு. மீதியெல்லாம் காலுக்கு.

பல மின் ஸ்கூட்டர்களில் அந்தத் தகட்டுக்கு அடியில் பேட்டரி வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஏதர் 450 வரிசையில் பேட்டரி அங்கேதான் இருக்கிறது. பஜாஜ் சேட்டக்கும் 2024 டிசம்பரில் வந்த 35 வரிசையில் பேட்டரியை ஃபுட்போர்டுக்கு அடியில் கொண்டுபோனது. பொறியியலாகப் பார்த்தால் நல்ல யோசனை. எடை தாழ்ந்திருப்பதால் வளைவில் வண்டி தள்ளாடாது. சீட்டுக்கு அடியில் இடம் முழுக்கக் காலியாகும். சேட்டக்கின் பூட் 35 லிட்டரானது இப்படித்தான். பெட்ரோல் வண்டியிலும் இதே வழி உண்டு: டிவிஎஸ் ஜுபிடர் 125 பெட்ரோல் டேங்கை ஃபுட்போர்டுக்கு அடியில் வைத்துத்தான் 33 லிட்டர் பூட் கொடுத்தது.

ஆனால் பேட்டரிப் பெட்டி கீழே இறங்க முடியாது, வேகத்தடை விடாது. அதனால் அது மேல்நோக்கித்தான் வளரும். ஃபுட்போர்டு தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருந்தால் 78 செ.மீ. சீட்டில் காலுக்கு 48 செ.மீ. மிஞ்சும், 36க்கு ஏறினால் 42தான். உட்கார்ந்ததும் ஃபோம் அமுங்குவதில் இன்னும் இரண்டு செ.மீ. போகும். காலில் ஷூவுடன் ஆறடிக்காரருக்குத் தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை 46, 47 செ.மீ. இருக்கும். எஞ்சியதை முழங்கால்தான் மேலே தூக்கிச் சரிசெய்தாக வேண்டும்.

முழங்கால் இடுப்புக்கு மேலே போனதும் உடம்பில் நடப்பது இது: தொடை சீட்டிலிருந்து எழும்பிவிடுகிறது, எடை முழுவதும் பிட்ட எலும்பின் மேல் குவிகிறது, இடுப்பெலும்பு பின்னால் சாய்ந்து, கீழ்முதுகின் இயல்பான வளைவு தட்டையாகிறது. பைக்கில் போகிறவர் பள்ளத்தைக் கண்டால் ஃபுட்ரெஸ்டில் எழும்பி அடியைக் காலில் வாங்கிக்கொள்வார். ஸ்கூட்டரில் கால் முன்னால் நீட்டியிருப்பதால் எழும்ப வழியில்லை, ஒவ்வொரு அடியும் நேராக முதுகெலும்புக்குப் போகிறது. சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம் போகிறவருக்கு இதை விளக்கவே வேண்டாம். அந்த வழியில் 1976இல் திறந்த காவிரிப் பாலத்தின் இணைப்புகளை மாற்றுவதற்காக 2022-23இல் அதை மாதக்கணக்கில் மூடினார்கள். அதற்கு முன் அந்த ஒவ்வொரு இணைப்பையும் இந்த ஊர்க்காரர்கள் முதுகாலேயே எண்ணியிருப்பார்கள்.

ஆகவே ஷோரூமுக்குப் போகும்போது ஓர் இஞ்ச் டேப் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் வீட்டில் ஷூ போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, பாதத்தைத் தரையில் பதித்து, தரையிலிருந்து முழங்கால் மடிப்பின் அடிப்பகுதி வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஷோரூமில் வண்டியின் மேல் உட்காருங்கள், கூட வந்தவர் அளக்கட்டும். ஃபுட்போர்டில் குதிகால் படும் இடத்திலிருந்து, அமுங்கிய சீட்டின் முன்விளிம்பு வரை அளக்க வேண்டும். கால் சற்று முன்னால் நீளுவதால், இந்த அளவு உங்கள் அளவைவிட மூன்று செ.மீ. குறைந்தாலும் சமாளிக்கலாம். அதற்கு மேல் குறைந்தால் அந்த வண்டி உங்களுக்கு இல்லை.

அடுத்து ஹேண்டில்பார். இரண்டு காலும் ஃபுட்போர்டில் இருக்க, இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பிப் பாருங்கள். பிடி முழங்காலில் இடித்தால் அது வெறும் அசௌகரியம் இல்லை, ஆபத்து. ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியும் சித்திரை வீதியும் கோயிலைச் சதுரமாகச் சுற்றுகின்றன. மூலைக்கு மூலை செங்கோணத் திருப்பம். மாடும் ஆட்டோவும் எதிரே வரும் அந்த மூலையில் ஹேண்டில் முழங்காலில் முட்டி நின்றால், வண்டியோடு சாய்வதுதான் மிச்சம்.

டெஸ்ட் ரைடு என்று தெருவை ஒரு சுற்று சுற்றவிடுவதை ஏற்காதீர்கள். இந்த வலி ஐந்து நிமிடத்தில் தெரியாது. பாலம் தாண்டி மாம்பழச் சாலை, ராஜகோபுரம், திருவானைக்காவல் வழியாகத் திரும்பி வர அரை மணி நேரம் கேளுங்கள். ஒன்றேகால் லட்சம் போட்டு வாங்குகிறவருக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு: ஃபுட்போர்டை இறக்க முடியாது, சீட்டை ஏற்றலாம். சீட் கவர் கடையில் கொடுப்பதானால் ஒரிஜினல் சீட்டில் கைவைக்காமல், ஸ்பேர் சீட் ஒன்று வாங்கி அதில் செய்யச் சொல்லுங்கள். வெறும் ஸ்பாஞ்ச் வைத்தால் சில மாதத்தில் அமுங்கிப் பழைய நிலைக்கே வந்துவிடும். அடியில் கெட்டியான ரீபாண்டட் ஃபோம் மூன்று செ.மீ., மேலே மெத்தென்று ஒரு செ.மீ. போதும். ஓட்டுபவர் பக்கம் மட்டும் ஏற்றி, முன்விளிம்பை உருட்டிவிட்டால் தொடை அறுக்காது. தையல் வழியாக மழைத்தண்ணீர் இறங்காதபடி உள்ளே பிளாஸ்டிக் உறை அவசியம்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

சீட்டை ஏற்றினால் ஆர்டிஓ பிடிப்பாரா? வீல்பேஸ், எடை, இருக்கை எண்ணிக்கை போன்ற ஆர்.சி. விவரங்கள் மாறாதவரை பிரச்சினை இல்லை.

ஷாக் அப்சார்பரை நீளமாக மாற்றலாமா, பெரிய சக்கரம் போடலாமா? கூடாது, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு எதிரானது, 182ஏ பிரிவின்படி ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ.

ஹேண்டில்பாரை உயர்த்தும் ரைசர்? பிரேக் ஹோசும் வயரும் இழுபடும், வேண்டாம்.

ஜெல் குஷன்? நெடும்பயணத்துக்குச் சரி, திடீர் பிரேக்கில் வழுக்காதபடி கட்டுங்கள்.

டயரில் காற்று கூடுதலாக வைத்தால் மைலேஜ் வருமாமே? வரலாம், முதுகும் போகும். வண்டியில் ஒட்டியிருக்கும் அளவே போதும்.

கிராஷ் கார்டில் காலை நீட்டி வைக்கலாமா? ஒருபோதும் கூடாது, ரிவர் இண்டி மின் ஸ்கூட்டரில் முன்னால் தனி ஃபுட்பெக் உண்டு, அது வேறு.

சீட்டுக்கு அடியில் பேட்டரி உள்ள வண்டி? ஹீரோ விடாவில் கழற்றும் பேட்டரி அங்கேதான். இருந்தாலும் அளந்தே முடிவெடுங்கள்.

கம்பெனிகள் என்ன செய்ய வேண்டும்? பூட் எத்தனை லிட்டர் என்று அச்சிடும் அதே தாளில் ஃபுட்போர்டிலிருந்து சீட் உயரத்தையும் அச்சிட வேண்டும்.

மானியக் கெடுவுக்குள் பொருத்தமான வண்டி அமையாவிட்டால்? காத்திருங்கள், போகிற 5,000 ரூபாயை ஐந்து ஆண்டுக்குப் பிரித்தால் மாதம் 83 ரூபாய்தான்.