உஷார்! மேஸ்திரிக்கோ புரோக்கருக்கோ அட்வான்ஸ் கொடுக்கும் முன்...

திருச்சி அருகே மண்ணச்சநல்லூர், நொச்சியம், நம்பர் 1 டோல்கேட் வட்டாரத்தில் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கும் பஞ்சாயத்து இது: தாத்தா கட்டிய வீட்டைப் புதுப்பிப்பதா, அல்லது ஸ்ரீரங்கத்திலோ சமயபுரம் சாலையிலோ வேறு வீடு வாங்குவதா? அப்பா ஒரு கட்சி, பிள்ளைகள் ஒரு கட்சி. எந்தக் கட்சி ஜெயித்தாலும் அடுத்த காட்சி ஒன்றுதான். நல்ல நாள் பார்த்து அட்வான்ஸ் கைமாறுகிறது. அதற்குப் பிறகுதான் பத்திரத்தைத் தேடுகிறார்கள். தளம் தாங்குமா என்ற கேள்வி கடைசியில் வருகிறது.

இந்த வரிசையில்தான் மோசம் போகிறோம். நில, வீட்டுச் சிக்கல் என்றால் பிடி மண் எடுத்துக்கொண்டு மண்ணச்சநல்லூர் பூமிநாத சுவாமி கோயிலுக்கு வருவது வழக்கம். வேண்டுதலைத் தாராளமாகச் செய்யுங்கள். கூடவே, அந்த மண் யாருடையது என்பதையும் பார்த்துவிடுங்கள்.

ஆபத்து 1: வீடு உங்களுடையதுதானா?

“நான்தானே குடியிருக்கிறேன், வீட்டு வரி என் பெயரில்தானே வருகிறது” என்பீர்கள். வரி ரசீது சொந்தம் ஆக்காது. பட்டாவும் தனியாக நின்று உரிமையை நிரூபித்துவிடாது. உயில் எழுதாமல் அப்பா காலமாகியிருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன்படி அவர் சம்பாதித்த வீட்டில் அம்மா, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்தில் மகளுக்கு மகனைப் போலவே பிறப்பால் உரிமை உண்டு என்று 2005-இல் சட்டம் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தம் வந்தபோது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

யோசித்துப் பாருங்கள். அண்ணன், தங்கை, நீங்கள் என மூன்று பங்கு உள்ள வீட்டில் 15 லட்சத்தைக் கொட்டி மாடி எடுக்கிறீர்கள். நாளை பாகப்பிரிவினை வழக்கு வந்தால், மாடிக்கான செலவைத் திரும்பக் கேட்டு நீங்கள் கோர்ட்டுக்கும் வக்கீலுக்கும் அலைய வேண்டியிருக்கும்.

இதற்கு வழி இருக்கிறது. குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்ட், விடுதலை, பாகப்பிரிவினைப் பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். பாகப்பிரிவினையில் இது ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி. உறவு நன்றாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். சிமெண்ட் மூட்டை இறங்கிய பிறகு பேச்சு வேறு மாதிரி போகும்.

ஆபத்து 2: டைல்ஸுக்குக் கீழே என்ன இருக்கிறது?

2024 ஜனவரி 1, புத்தாண்டு அதிகாலை. திருச்சி அரியமங்கலம் கீழ அம்பிகாபுரத்தில் பழைய வீடு ஒன்றின் மேற்கூரை பெயர்ந்து விழுந்து, உறங்கிக்கொண்டிருந்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 4 பேர் உயிரிழந்தார்கள். அதில் இரண்டு பேர் குழந்தைகள்.

தளம் பெரும்பாலும் சொல்லாமல் விழுவதில்லை. ஈரம் உள்ளே இறங்கிக் கம்பி துருப்பிடிக்கிறது. துருவாகும் இரும்பு பல மடங்கு பருத்து, சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளக்கிறது. கம்பி ஓடும் தடத்தில் நேர்கோடாக விரிசல், பழுப்புக் கறை, பொரிந்து உதிரும் காரை, தட்டினால் வெற்றொலி. இவையெல்லாம் எச்சரிக்கைகள். நாம் செய்வது என்ன? பட்டி பார்த்துப் பெயின்ட் அடிக்கிறோம், ஃபால்ஸ் சீலிங் போட்டு மூடுகிறோம், மொட்டை மாடியில் புது டைல்ஸ் ஒட்டிச் சுமையையும் ஏற்றுகிறோம்.

உங்களுடையது மரக் கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டிய மெட்ராஸ் தளமா? சுவருக்குள் புதைந்திருக்கும் கட்டை முனைகளைக் கரையான் தின்றிருக்கலாம், வெளியே தெரியாது. அதன்மேல் மாடி எடுப்பதை நினைக்கவே வேண்டாம். ஹாலைப் பெரிதாக்க நடுச்சுவரை எடுக்கச் சொல்கிறார்களா? தூண் இல்லாத பழைய வீடுகளில் சுவர்தான் தளத்தைத் தாங்குகிறது. எந்தச் சுவரை எடுக்கலாம் என்பதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் எழுத்தில் தரட்டும். கான்கிரீட்டின் வலுவை இடிக்காமலே அறியும் ரீபவுண்டு ஹேமர், அல்ட்ராசானிக் சோதனைகள் இருக்கின்றன. அதற்கு ஆகும் செலவு டைல்ஸ் பட்ஜெட்டில் ஒரு சின்னத் துண்டுதான்.

ஆபத்து 3: வாங்கப் போகும் இடம்

ஸ்ரீரங்கம் ரெங்கநாதர் கோயில் பக்கத்தில் குடியேற ஆசைப்படாதவர் இந்த வட்டாரத்தில் குறைவு. அங்கேதான் கூடுதல் உஷார் தேவை. கோயிலைச் சுற்றியுள்ள சுமார் 330 ஏக்கர் கோயிலுக்கே சொந்தம் என்று ஒரு பக்கம், தலைமுறைகளாக அனுபவிக்கும் எங்களுக்கே உரிமை என்று குடியிருப்போர் மறுபக்கம் என அடிமனை (வீட்டின் கீழுள்ள நிலம்) பிரச்சினை நெடுங்காலமாக நீடிக்கிறது. தெரு, சர்வே எண் வாரியாக, அந்த மனையில் இன்று கிரயம் பதிய முடியுமா என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். 2022-இல் திருச்செந்துறையில் நிலத்தை விற்கப் போன விவசாயிக்கு, வக்ஃபு வாரியத்தின் தடையின்மைச் சான்று வேண்டும் என்ற செய்தியே பதிவு அலுவலகத்தில்தான் தெரிந்தது.

அடுத்தது மனைப்பிரிவு. வயலை மேடாக்கி, கல் நட்டு, கொடி கட்டி விற்கும் மனைகள் சாலைதோறும் இருக்கின்றன. அங்கீகாரமற்ற மனைகளைப் பதியக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அத்தகைய பதிவை மறுக்கச் சொல்லும் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவும் அதே ஆண்டு அக்டோபர் 20-இல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டிடிசிபி) அங்கீகார எண்ணைக் கேளுங்கள். மனைப்பிரிவு 500 சதுர மீட்டருக்கு மேல் என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படியான (ரெரா) பதிவு எண்ணையும் கேட்டு, இணையத்தில் நீங்களே சரிபாருங்கள். கட்டப்படும் திட்டத்தில் ஒப்பந்தம் பதியாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க ரெரா சட்டம் அனுமதிப்பதில்லை. இடத்தை ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு முறை போய்ப் பாருங்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதை எந்த புரோக்கரும் சொல்ல மாட்டார். அரிசி ஆலை பக்கம் என்றால், ஆலை ஓடும் நேரத்தில் நின்று பார்த்து, உமிச்சாம்பல் எந்தப் பக்கம் பறக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

“ரிஜிஸ்டர் ஆகிவிட்டதே, இனி என்ன பயம்?” என்ற நம்பிக்கையும் வேண்டாம். விற்பவரின் உரிமையைத் தீர்மானிப்பது பதிவு அலுவலரின் வேலை அல்ல என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கிலேயே சொன்னது. குறைந்தது 30 ஆண்டு வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், அ-பதிவேடு, புலப்பட வரைபடம் எல்லாவற்றையும் உங்கள் வக்கீல் பார்க்க வேண்டும். விற்பவரின் வக்கீல் போதாது.

ஆபத்து 4: பாதிக் கணக்கு

40 லட்ச ரூபாய் வீடு என்று வையுங்கள். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம்: 3.6 லட்சம். 30 முதல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு ரிசர்வ் வங்கி வரம்பு, சொத்து மதிப்பில் 80 சதவீதம். வங்கி 32 லட்சத்துக்கு மேல் தராது. கைப்பணம் 8 லட்சமும் பதிவுச் செலவும் சேர்ந்து 11.6 லட்சம். புரோக்கர் கமிஷன், வக்கீல், பெயின்ட் எல்லாம் இதற்கு மேல்.

புதுப்பிப்பவருக்கும் ஒரு கணக்கு உண்டு. பழைய வருமான வரி முறையில், குடியிருக்கும் வீட்டை வாங்கவோ கட்டவோ எடுத்த கடனுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் வரை வட்டிக் கழிவு. பழுதுபார்க்கும் கடனுக்கு வெறும் 30,000. புதிய முறையில் இரண்டுமே கிடையாது.

அப்படியானால் எது சரி?

பத்திரம் சுத்தம், தளமும் திடம், குறைவது ஓர் அறையோ சமையலறையோ என்றால் புதுப்பியுங்கள். பத்திரம் சுத்தம், தளம் மட்டும் போய்விட்டது என்றால் ஒட்டுப் போடாதீர்கள். இடித்துக் கட்டும் செலவையும் வாங்கும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில் இணையவழியிலேயே அனுமதி பெறலாம். “பழைய இடம்தானே” என்று அனுமதி இல்லாமல் கட்டினால் கடனுக்கும் விற்பனைக்கும் அது முட்டுக்கட்டை. பங்காளிச் சிக்கல் தீரவே தீராது என்றால், பழைய வீட்டில் பணம் போடாமல் வேறு இடம் தேடுங்கள்.

எதுவானாலும் வரிசை இதுதான்: முதலில் வக்கீல், அடுத்து இன்ஜினியர், பிறகு வங்கி, கடைசியில்தான் மேஸ்திரியும் புரோக்கரும். “இன்று அட்வான்ஸ் போடாவிட்டால் நாளை வேறு ஆள் வாங்கிவிடுவார்” என்று யாராவது அவசரப்படுத்தினால், பத்திர நகல் கேளுங்கள். தரத் தயங்கினால் அந்த வேறு ஆளே வாங்கிக்கொள்ளட்டும்.